டிராயிங் மட்டும் இருந்தால் போதுமா?

பொன்மலைப் பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து 2009-ல் ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் நான் படித்த படிப்பு அல்ல. இருந்தாலும் தில்லை நகரில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் லேப்டாப்பில் கோளாறு என்றால் என்னிடம்தான் வருவார்கள். போன வாரம் ஒருவர் கேட்டார்: "எப்பப் பார்த்தாலும் லினக்ஸ், லினக்ஸ்ங்கறீங்களே, அது அவ்வளவு நல்லதுன்னா ஏன் சார் நம்ம ஆபீஸ்கள்ல ஒண்ணுலயும் காணோம்?" சாஸ்திரி ரோட்டில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. அவை பெரிய ரிப்பேருக்கு வருவது எங்கள் பொன்மலைக்கு. செய்த கம்பெனி எப்போதோ நீராவி எஞ்சின் செய்வதை விட்டுவிட்டது. பல்சக்கரம் தேய்ந்துவிட்டால் கடையில் போய் வாங்க முடியாது. டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு நாமே கடைந்து எடுக்க வேண்டும். டிராயிங் இல்லாத பாகமா, பழசை அளந்து டிராயிங் போட வேண்டும். அப்படிச் செய்து செய்துதான், நான் ஓய்வு பெற்ற பிறகு, எண்ணெயில் ஓடும் புதிய நீராவி எஞ்சின்களையே அங்கே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

கட்டற்ற மென்பொருள் என்பதும் இதுதான். மென்பொருளோடு அதன் டிராயிங்கும் நம் கைக்கு வந்துவிடுகிறது. மூல நிரல் என்கிறார்கள். 'இலவச மென்பொருள்' என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். டிராயிங்கைப் பூட்டி வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த இயக்கம் பிறந்ததற்கும் ஒரு ரிப்பேர்தான் காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்யப் பார்த்தால் நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரும் தர மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறாமல் 1983-ல் அவர் அறிவித்ததுதான் குனூ திட்டம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்துகொண்டது.

ஆனால் டிராயிங் இருந்தால் மட்டும் எஞ்சின் ஓடிவிடாது. இதை நம் நாடு ஒருமுறை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது.

1960-களில் இங்கே பெரிய கம்ப்யூட்டர் என்றால் ஐ.பி.எம். 1401. ரயில்வேயிலும் அதுதான். பெரும்பாலும் வாடகைக்குத்தான் கொடுப்பார்கள். பழுது பார்ப்பதும் அவர்கள் ஆட்களே. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னபோது ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்த ஜனதா ஆட்சியில், 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கோகோ கோலா போனதைப் பேசிய அளவுக்கு இதை யாரும் பேசவில்லை. போனவர்கள் விட்டுச்சென்ற மெஷின்களை யார் பார்ப்பது? அதற்கு 1975-லேயே மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். 'பராமரிப்பு' என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட கம்ப்யூட்டர் கம்பெனி அது. அந்த சி.எம்.சி. ஆட்கள்தான் ஊர் ஊராகப் போய் மெஷின்களை ஓட வைத்தார்கள். அவர்களே 1980-களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவுக்கான மென்பொருளையும் எழுதினார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குப் புதிதாகச் செய்யவும் வந்துவிடும் என்பது பொன்மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001-ல் அது டாடாவிடம் போனது.

இனி என் கதை. 1996-ல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், என்னைவிட முப்பது வயது குறைந்த பையன்களோடு உட்கார்ந்து ஃபாக்ஸ்ப்ரோ கற்றுக்கொண்டேன். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்தால் வேலை என்றிருந்த காலம். கற்ற கையோடு எங்கள் ஷாப்பில் ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்களின் மனைவிமார்கள் என்று நானூற்றுச் சொச்சம் பேருக்குப் பட்டியல் போட்டேன். பெயர், பி.பி.ஓ. எண், வங்கிக் கிளை, விலாசம். நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்க மறந்து பென்ஷன் நின்றுபோகிறவர்களைத் தேடிப் பிடிக்க அது உதவியது.

ஃபாக்ஸ்ப்ரோ செய்த கம்பெனியை 1992-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 2007-ல், இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸுக்கும் 2010-ல் ஏறக்குறைய இதே நிலைமை வந்தது; சன் கம்பெனியோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்குப் போனது. ஆனால் அதன் டிராயிங் வெளியே இருந்தது. அதை முதலில் எழுதியவர்களில் ஒருவரான விடேனியஸ் பிரதியை எடுத்துக்கொண்டு தனியாக வளர்த்தார். மூத்த மகள் மை பெயரில் முதல் டேட்டாபேஸ். இளைய மகள் மரியா பெயரில் இது, மரியாடிபி. இன்றும் ஓடுகிறது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அப்படி ஒரு மகள் பிறக்க வழியில்லை. எனக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம், அதன் டிபிஎஃப் கோப்பு எப்படி அமைந்தது என்பது ஊரறிந்த விஷயம். வேறு மென்பொருளிலும் திறக்கும்.

2013 அக்டோபரில் என் லேப்டாப் சார்ஜ் ஏறாமல் நின்றது. வாரண்டி முடிய ஒரு மாதம் பாக்கி. சர்வீஸ் சென்டரில் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், விண்டோஸை எடுத்துட்டு வேற என்னமோ போட்டிருக்கீங்க. வாரண்டி வராது" என்றான். சார்ஜ் ஏறாததற்கும் உள்ளே என்ன மென்பொருள் என்பதற்கும் என்னப்பா சம்பந்தம் என்றேன். மேனேஜர் வந்தார். போர்டு மாற்றலாம், ஆனால் டிஸ்க்கில் இருப்பதற்குப் பொறுப்பில்லை, கையெழுத்துப் போடுங்கள் என்றார். நானே டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன் என்றால், சீல் உடைந்தால் வாரண்டி போய்விடுமாம். மூடியைத் திறக்க எனக்கு உரிமையில்லை. வாழ்நாள் முழுக்க ஸ்பானர் பிடித்தவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்!

நவம்பருக்குப் பத்து நாள்தான். கையில் இருந்தது ஜூலையில் பென்டிரைவில் எடுத்த நகல் ஒன்று. எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் மகளுக்கு பிளஸ் டூ முடிக்கும்போது அரசு லேப்டாப் கிடைத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2006-க்குப் பிறகு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசு அலுவலகங்களுக்கும் அதையே சொன்னது. துணிச்சலான காரியம். அதேபோல, சென்னை சி-டாக் மையத்தில் தயாரான பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்து மாணவர் லேப்டாப்பிலும் வந்தது. அந்தத் திட்டத்தை, அப்போது நம் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வாகவும் இருந்த முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தார். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் ஊன்றிக்கொண்டது, ஏனென்றால் அங்கே முதலில் வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே டிராயிங்கைக் கொடுத்தோம், ஃபிட்டரைக் கொடுக்கவில்லை. கோளாறு வந்தால் கூப்பிட ஒரு சி.எம்.சி. இல்லை. அலுவலகங்களில் தமிழ் எழுத்துருவும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. யூனிகோடு ஆணை வந்ததே 2010-ல்தான். நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். லினக்ஸில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையைச் சரி செய்ய ஆள் வைக்கவில்லை என்கிறேன்.

அந்தப் பெண் அன்றுவரை பாஸ் பக்கம் போனதேயில்லை. "தாத்தா, ஆன் பண்றப்ப ரெண்டு பேர் வரும், நான் மேல இருக்கறதத்தான் தொடுவேன்" என்றாள். மற்றதைத் தொட்டோம். பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த ஆபீஸ் மென்பொருளில் டிபிஎஃப் கோப்பைத் திறந்தேன். பதினேழு வருஷத்துப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஜூலைக்குப் பிறகு சேர்ந்த ஏழு பெயர்களை டைரியைப் பார்த்து அவளே தட்டிக் கொடுத்தாள். அதில் நான்கு பேர் அந்த வருஷம் விதவையானவர்கள்.

என் லேப்டாப் இரண்டு கடிதம் எழுதிய பிறகு, நவம்பர் கடைசியில் திரும்பி வந்தது. டிஸ்க் துடைத்து வைத்தாற்போல் காலி. அதற்குள் பட்டியலில் இருந்த எல்லோருடைய சான்றும் வங்கிக்குப் போய்விட்டது. உறையூர் அம்மாள் ஒருவரைத் தவிர. அவர் மகள் வீட்டுக்கு மும்பை போயிருந்தார்.