தட்டி அடைப்பு: புயலில் உடைந்த கதவு ஜன்னல்களுக்கான அவசர வேலை

தட்டி அடைப்பு என்பது புயலாலோ, தீயாலோ, திருட்டாலோ, மரம் விழுந்தோ கதவும் ஜன்னலும் பெயர்ந்துபோன திறப்பைப் புதுக் கதவு வரும்வரை மூடிவைக்கும் வேலை. பலகை, பிளைவுட், தகரம், தார்ப்பாய், கீற்று என்று கைக்குக் கிடைப்பதுதான் பொருள். ‘தட்டி வைத்து அடைப்பது’, ‘பலகை அடிப்பது’, ‘படுதா கட்டுவது’ என்று ஊருக்கு ஊர் பேச்சு மாறும். மேலை நாடுகளில் நள்ளிரவில் போன் போட்டாலும் வந்து அடைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. தமிழ்நாட்டில் இது தனித் தொழிலாக வளரவில்லை. ஆசாரி, கொத்தனார், சென்ட்ரிங் ஆள், பந்தல்காரர் ஆகிய நால்வரில் யார் முதலில் அகப்படுகிறாரோ அவர் செய்வார். ஒருவரும் அகப்படாத இரவில் வீட்டுக்காரரே செய்துகொள்வார்.

கடலோர ஊர்களுக்குத்தான் இந்த வேலை தேவை என்று நினைப்பது வழக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலை வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது.

கஜா வந்த வழி

நார்த்தாமலை, புதுக்கோட்டை நகரிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 17 கி.மீ. தள்ளி, பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர். கடல் நேர்க்கோட்டில் சுமார் 70 கி.மீ. தொலைவு. இங்குள்ளவர்களுக்கு ஐப்பசி கார்த்திகை என்றால் மழைதான். புயல் என்பது நாகப்பட்டினத்துச் செய்தி.

2018 நவம்பர் 16, ஐப்பசியின் கடைசி நாள். அன்று அதிகாலை இருட்டில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். கரை கடந்ததும் சுருண்டு படுத்துவிடும் என்று எதிர்பார்த்த புயல் மேற்கே நகர்ந்து தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல் மாவட்டங்களையும் உலுக்கிவிட்டுக் கேரளத்துக்குப் போனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கத்துத் தென்னையும் பலாவும் சாய்ந்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதும் அதுதான். ஆனால் அதே இரவில் கீல் பிய்ந்த கதவுகளும், கண்ணாடி நொறுங்கிய ஜன்னல்களும், அந்த வழியாகக் காற்று புகுந்து கிளப்பிய கூரைகளும் எந்தக் கணக்கிலும் தனியாக ஏறவில்லை. மின்சாரம் போய்ப் பல நாள் வராத ஊர்களில், மறுநாள் சாயங்காலத்துக்குள் வீட்டை எதைக்கொண்டு அடைப்பது என்பதுதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் கேள்வி.

ஒரு பழைய பழுதுபார்ப்பு

நார்த்தாமலையில் மழை இடித்த கட்டடத்தைச் சீர்செய்த செய்தி ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது. மேலமலையில் இருக்கும் விசயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி. வட்டமான கருவறையும் மேற்கு நோக்கிய வாசலும் கொண்டது. முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த இந்தக் கோயில் மழையில் இடிபட, மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்ததாக வாயிற்காவலர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டு சொல்கிறது. பெருமழையால் இடிந்ததா, இடி விழுந்து இடிந்ததா என்று அந்தச் சொல்லுக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்கிறார்கள். எப்படியிருந்தாலும், பாறைமேல் பாறையாக அடுக்கிய கட்டடத்துக்கே வானம் சேதம் செய்திருக்கிறது. சிமெண்ட் ஷீட் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஏன் அடைக்க வேண்டும்

திருடன் வராமலிருக்க, நாய் நுழையாமலிருக்க, சாரல் அடிக்காமலிருக்க என்றுதான் கேட்டால் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் புயல் இன்னும் ஓயாத நேரத்தில் தட்டி அடைப்பு முதலில் காப்பது கூரையைத்தான்.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 875 (பகுதி 3) ஓர் எளிய வாய்பாடு தருகிறது: காற்றின் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதை, அதே எண்ணால் பெருக்கி 0.6ஆல் மறுபடி பெருக்க வேண்டும். மணிக்கு 108 கி.மீ. என்பது நொடிக்கு 30 மீட்டர். அப்படியென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 540 நியூட்டன், சுமார் 55 கிலோ. மூன்றடிக்கு ஏழடி வாசற்கதவின் மேல் நூறு கிலோவுக்கு மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு.

கதவு தாங்கும்வரை இந்தச் சுமை வெளியே நிற்கிறது. கதவு போனதும் காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் சுவரையும் கூரையையும் உள்ளிருந்து தள்ளுகிறது. அதே சமயம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கீழிருந்து தள்ளு, மேலிருந்து இழுப்பு. சுவரில் திறப்பு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் உள்ளழுத்தக் குணகம் 0.2 என்றும், 20 விழுக்காட்டைத் தாண்டினால் 0.7 என்றும் ஐஎஸ் 875 வைக்கிறது. பத்தடிக்குப் பத்தடிச் சுவர் நூறு சதுர அடி. அதில் மூன்றுக்கு ஏழு கதவு 21 சதுர அடி. ஒரே ஒரு கதவு பெயர்ந்தாலே வீடு 0.7 கணக்குக்குள் விழுந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரையில் இதனால் கூடும் தூக்குவிசை ஏறத்தாழ 300 கிலோ. சிமெண்ட் ஷீட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோவுக்குள்தான். அறை முழுவதற்கும் சேர்த்தாலும் 170 கிலோவைத் தொடாது. மிச்சத்தை ஜே போல்ட்டும் நட்டும் தாங்க வேண்டும். அவை எத்தனை வருஷத் துரு என்பது வீட்டுக்காரருக்கே தெரியும்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்தபோது பொறியாளர்கள் கண்டதும் இதையேதான்: ஜன்னலும் கராஜ் கதவும் முதலில் போயின, கூரை அடுத்துப் போனது. அதன் பிறகு மயாமி டேட் வட்டாரத்தில் ஜன்னல் மூடிகளுக்கு ஒரு சோதனை வந்தது. சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஏவி அடிப்பார்கள். மூடி தாக்குப்பிடித்தால்தான் விற்கலாம். நம்மூரில் அந்தக் கட்டையின் வேலையை உதிர்ந்த தேங்காயும் பறந்துவரும் ஓட்டுத்துண்டும் பார்க்கின்றன.

ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு புயலுக்கும் இந்தப் படம் கைப்பேசியில் சுற்றுகிறது. டேப் கண்ணாடியைப் பலப்படுத்தாது. உடையும்போது பெரிய பெரிய சில்லாக, கூடுதல் ஆபத்தாக விழும். அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையமே இதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஜன்னல் கம்பி என்னும் வசதி

ஆளில்லாத வீடுகளில் யாரும் புகுந்து தீ வைக்காமலிருக்க அமெரிக்காவில் ஓர் அடைப்பு முறை உண்டு. வெளியே அரை அங்குல பிளைவுட், உள்ளே குறுக்காக இரண்டு கட்டைகள், இரண்டையும் ஊடுருவி நீள போல்ட். ஆணி அடிப்பதில்லை, பலகையும் கட்டையும் சுவரை இருபுறமும் கவ்விக்கொள்ளும். இதையே நம் வீட்டில் செய்ய உள்கட்டைகூடத் தேவையில்லை. ஜன்னலில் ஏற்கெனவே இரும்புக் கம்பி இருக்கிறது.

வேலை இப்படி நடக்கும். முதலில் சட்டத்தில் தொங்கும் கண்ணாடிச் சில்லுகளை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். கீழிருந்து தொடங்கினால் மேலே இருப்பது மணிக்கட்டில் இறங்கும். கனத்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டாவது எடுப்பது நல்லது. பிறகு திறப்பைவிட நாலு பக்கமும் நான்கு விரல் கூடுதலாகப் பலகை அறுக்க வேண்டும். பலகைக்குக் கடையைத் தேட வேண்டாம். கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் சென்ட்ரிங் பலகை கிடக்கும். கான்கிரீட் கறை படிந்து அசிங்கமாக இருக்கும், ஆனால் ஈரத்துக்கு அசையாது. மூலைக்கு இரண்டாக எட்டுத் துளை, நடுவில் நான்கு. கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்துத் துளை வழியே விட்டு, உள்ளே நிற்பவர் ஜன்னல் கம்பியைச் சுற்றி வாங்கி, கம்பி கட்டும் கொக்கியால் முறுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பலகை ‘டக்’கென்று சுவரில் உட்காரும் சத்தம் கேட்கும். அதற்குமேல் அரைச் சுற்று போதும். ஆசைப்பட்டு இன்னும் முறுக்கினால் கம்பி அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பலகையின் மேல்விளிம்பு சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் வழியும் தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கி அறைக்குள் வரும். காற்று வீசிக்கொண்டிருக்கும்போது முழுத் தாளைத் தூக்கக் கூடாது. எட்டுக்கு நாலு, 12 மி.மீ. பிளைவுட் தானே 20 கிலோ. மேலே சொன்ன காற்றில் அதன்மேல் 160 கிலோ தள்ளும். ஏணியில் நிற்பவரையும் சேர்த்து அது பட்டமாக்கிவிடும்.

கம்பியில்லாத நவீன அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்தான் தலைவலி. மெல்லிய அலுமினியச் சட்டத்தில் திருகாணி உறுதியாகப் பிடிக்காது. சுவரில் துளை போட்டு பிளக் வைத்துத்தான் பலகையை நிறுத்த வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் டிரில்லிங் மிஷின் ஓடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. அந்த மாதிரிக் கண்ணாடி இப்போது சின்ன ஊர் மாடிவீடுகளுக்கும் வந்துவிட்டது. பார்க்க அழகுதான்.

கதவு

கதவு இலை உடையாமல் கீல் மட்டும் பிய்ந்திருந்தால் வெளிப்பலகை தேவையில்லை. இலையைத் தூக்கி நிலைக்குள் நிறுத்தி, உட்புறம் குறுக்குக்கட்டை போட்டால் போதும். கோட்டைக் கதவுகளுக்கு இதைப் போலப் போட்ட மரத்துக்குத் தமிழில் கணையம் என்று பெயர். பழைய ஓட்டு வீடுகளில் இருக்கும் குடுமிக்கதவுக்குக் கீலே கிடையாது. மேலும் கீழும் குழியில் சுழலும். காற்று அதைப் பிய்த்தாலும் இலை பெரும்பாலும் முழுசாகவே கிடைக்கும், திரும்பக் குழியில் ஏற்றிவிடலாம். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த இன்றைய கதவு ஈரம் பட்டதும் பொரியாக உப்பிவிடும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகைக்குப் போவதே மேல்.

எல்லாக் கதவையும் வெளியிலிருந்து அடைத்துவிட்டு உள்ளே ஆள் படுக்கக் கூடாது. ஒரு வாசலாவது உள்ளிருந்து ஒரே கையால் திறக்கும்படி இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இரவில் உள்ளே எரிவது மெழுகுவத்தியும் சிம்னியும்.

காற்று ஒரு பக்கம் அடித்தது என்று அந்தப் பக்கத்தை மட்டும் அடைப்பதும் தவறு. புயல் கடந்து போகப் போகக் காற்றின் திசை திரும்பும். மேற்கே போகும் புயலுக்கு வடக்கில் இருக்கும் ஊரில் முதலில் வாடை, பிறகு கொண்டல், கடைசியில் தென்கிழக்கு என்று மாறும். புயலின் பாதைக்கு நேரே இருக்கும் ஊரில் சற்று நேரம் காற்றே நின்றுவிடும். முடிந்தது என்று வெளியே வருகிறவர்கள் அடிபடுவது அந்த இடைவெளிக்குப் பிறகுதான்.

தார்ப்பாயும் கீற்றும்

பலகை கிடைக்காத இடத்தில் தார்ப்பாய். அதன் ஓரக் கண்ணில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் ஒரே இரவில் கண் கிழிந்துவிடும். ஓரத்தை ஒரு ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரீப்பரோடு சேர்த்து நிலையில் ஆணி அடித்தால் வாரக்கணக்கில் நிற்கும். தொய்வு இருக்கக் கூடாது. படபடவென்று அடித்துக்கொள்ளும் பாய் தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும். வீட்டில் யாரையும் தூங்கவும் விடாது. கீற்றுத்தட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு, வேகத்தைக் கொன்று, சாரலை மட்டும் நிறுத்தும். கஜாவுக்குப் பின் கீழே விழுந்த தென்னைகளின் மட்டைதான் பல வீடுகளுக்கு அடைப்பானது.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அளவுக்கு நறுக்கி ஜன்னலில் வைக்கும் யோசனை பலருக்கும் வரும். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். உலர்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து முழுசாக அப்புறப்படுத்த வேண்டும்.

நிவாரணக் கணக்கில்

2015 முதல் 2020 வரை நடப்பிலிருந்த பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, பகுதி சேதமடைந்த கெட்டி வீட்டுக்கு 5,200 ரூபாய், கச்சா வீட்டுக்கு 3,200 ரூபாய், குடிசைக்கு 4,100 ரூபாய். வீடுகளுக்குச் சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருந்தாக வேண்டும். ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் போனால் அந்த அளவை எட்டுவது கடினம். ஆகவே கூரை போனவருக்குப் பணம். கதவை நேரத்தோடு அடைத்துக் கூரையைக் காப்பாற்றியவருக்கு ஒன்றும் இல்லை. விதியில் இது ஒரு கோணல் என்றே தோன்றுகிறது. பலகைக்கும் கட்டுக்கம்பிக்கும் ஆகும் செலவு அந்த 3,200இல் பாதிகூட வராது.

அடைப்பதற்கு முன் உடைந்த இடத்தைக் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால், கிராம நிர்வாக அலுவலர் வரும்போது பலகையைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை.

பிரிப்பது

தை பிறந்து வெயில் ஏறியதும் அடைப்பைப் பிரித்துவிடலாம். மாதக்கணக்கில் விட்டால் உள்ளே பூஞ்சை ஏறும், பலகைக்கும் சுவருக்கும் நடுவே பூரானும் தேளும் குடியேறும். பாறைக் காட்டை ஒட்டிய ஊர்களில் பாம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கம்பியை வெட்டி எடுத்ததும், பலகையின் பின்புறம் கரித்துண்டால் ‘சமையக்கட்டு கிழக்கு’, ‘திண்ணை ஜன்னல் இடது’ என்று எழுதி, தரையில் படாமல் பரணில் குத்துக்காலாக நிறுத்தி வைப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். துளைகள் போட்டது போட்டபடியே இருக்கும். அடுத்த ஐப்பசியில் கம்பியை மட்டும் வாங்கினால் போதும்.