பேய்க்கரும்பு

ஜீயபுரத்தை ஒட்டிய முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. மிகைநீர் மட்டும் இறங்கும் ஆறாதலால் கொள்ளிடத்து மணல் வருடத்தில் பாதிநாள் காய்ந்து கிடக்கும். அந்த மணல்திட்டுகளில் மழைக்காலத்தை ஒட்டி வெள்ளி நிறத்தில் கதிர்விட்டு ஆடுவது நாணல். வெள்ளம் மேலே போனாலும், வெயில் தீய்த்தாலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டு சாகாது. அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

இதற்கு இன்னொரு பெயர் பேய்க்கரும்பு. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி என்று, வாயில் வைக்க முடியாத காட்டு உறவுக்கெல்லாம் நாம் பேயைத்தான் சேர்ப்போம். கரும்பைப் போலவே கணு, கரும்பைப் போலவே தோகை, ஆனால் இனிப்புக் கிடையாது. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பின் நுனி திருவொற்றியூரில் இனித்தது என்கிறார்களே, இனிக்காத பொருள் என்று ஊரே அறிந்திருந்தால்தானே அது அற்புதம்! ராமேசுவரம் தீவில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கும் இடத்துக்கும் பேய்க்கரும்பு என்றே பெயர்.

பழைய சொல் வேழம். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதத்தில் வேழப்பத்து என்றே ஒரு பத்து உண்டு. உரைகாரர்கள் அதைக் கொறுக்கை என்பார்கள், பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். மூங்கிலும் வேழம், கரும்பும் வேழம், யானையும் வேழம். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு செடியைப் பிடிக்க முடியாது. தண்டைப் பிளந்து பார்ப்பதே வழி. கொறுக்கை நல்ல குழல். உள்ளே வெறுமை, இலை அகலம், கதிர் பழுப்போடியது. நாணலில் பெரும்பாலும் சோறு இருக்கும். இலை ஒடுங்கி, நடுநரம்பு வெள்ளையாகத் தடித்திருக்கும். விளிம்பு கையை அறுக்கும்.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பணியாற்றிய விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்போடு அங்கே விளைந்த நாணலைக் கலந்தார்கள். அதில் பிறந்து 1918இல் வெளிவந்த கோ 205 என்ற ரகம் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. பின்னாளில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பேய் என்ற அடையை இந்தப் புல்லுக்குக் கொடுத்தது அநியாயம் என்பது என் கட்சி. இன்று சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பு ரகங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் நாணலின் ரத்தம் ஓடுகிறது. நோயையும் வறட்சியையும் அவை தாங்குவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.