வழிகாட்டி ஆவதற்கு முன்

'வழிகாட்டி' என்னும் சொல்லை நாம் மிக எளிதாகப் புழங்குகிறோம். ஆசிரியரை வழிகாட்டி என்கிறோம். தேர்வுக்குத் துணைசெய்யும் நூலையும் அப்பெயரால் அழைக்கிறோம். ஆனால், அச்சொல்லின் முழுப் பொறுப்பையும் தம் உயிரைக் கொண்டே தாங்குவோர் மலையேற்ற வழிகாட்டிகள். அத்தொழிலுக்கு ஒருவர் ஆயத்தமாகும் முறை எவ்வாறு உருவானது என்பது, பிள்ளைகளைப் பிறரை நம்பி அனுப்பும் நம்மைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

இவ்வரலாறு இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள சாமொனிப் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. அங்குள்ள மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலை. அதன் உச்சிக்கு வழி காண்போருக்குப் பரிசு தருவதாக 1760ஆம் ஆண்டில் சோசூர் என்னும் ஜெனீவா அறிஞர் அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 8.8.1786 அன்று, ஜாக் பல்மாவும் மருத்துவர் பக்கார்டும் உச்சியை அடைந்தனர். பல்மா மலைகளில் படிகக் கற்களைத் தேடி விற்றவர். அக்காலத்து வழிகாட்டிகள் பெரும்பாலும் இவரைப் போன்ற குடியானவர்களும் வேட்டைக்காரர்களுமே. பிறந்த மண்ணின் பழக்கமே அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

அப்பழக்கம் மட்டும் போதாது என்பதை 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உணர்த்தியது. உருசியப் பேரரசரின் பணியிலிருந்த ஹமெல் என்னும் அறிஞர் ஒரு குழுவுடன் மோன் பிளாங்க் ஏறினார். வானிலை கெட்டிருந்தது, திரும்பிவிடலாம் என வழிகாட்டிகள் எண்ணினர். ஆனால், மேலே செல்ல வேண்டும் என்னும் வற்புறுத்தலுக்கு அவர்கள் இணங்கினர. புதிதாய்ப் பெய்திருந்த பனி சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் புதைந்து மாண்டனர். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1861இல், அவர்களுடைய எச்சங்களைப் பொசோன் பனியாறு தன் அடிவாரத்தில் கொண்டுவந்து போட்டது.

மலையை அவர்கள் அறிந்தே இருந்தனர். "இன்று வேண்டாம்" என்று சொல்லி அதில் உறுதியாய் நிற்கும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை. இவ்வரலாற்றில் நான் காணும் முதன்மையான பாடம் இதுவே.

மறு ஆண்டே, 1821இல், சாமொனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். வேலையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். விபத்தில் சிக்கியோரின் குடும்பங்களுக்கென உதவி நிதியையும் ஏற்படுத்தினர். தொழிலுக்கு மதிப்பு வந்தது. எனினும், முறைப்படியே ஆள் அனுப்பியதால் தேர்ந்தவரும் தேராதவரும் ஒன்றாகவே கருதப்படுகின்றனர் என ஆங்கிலேய மலையேறிகள் பிற்பாடு குறைகூறினர். பள்ளத்தாக்கில் பிறவாத ஒருவர் அச்சங்கத்தில் இடம்பெற 1930ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பாரீசில் பிறந்த ரொஜே ஃபிரிசோன்-ரோஷ்.

இருபதாம் நூற்றாண்டில் பிறப்பின் இடத்தைப் பயிற்சி பிடித்தது. 1965இல் ஆஸ்திரியா, பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் வழிகாட்டிகள் இணைந்து அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவினர். இன்று பிரான்சில் வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர விரும்புவோர், பாறை, பனி, பனிச்சறுக்கு ஆகியவற்றில் தாம் முடித்த ஏற்றங்களின் பட்டியலை முதலில் அளிக்க வேண்டும். அதன்பின் நுழைவுத் தேர்வு. அதாவது, பள்ளியின் வாசலை மிதிப்பதற்கே பல ஆண்டுகள் மலையில் உழைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உடனே பட்டம் கிடைப்பதில்லை. பனிச்சரிவு, மீட்புப்பணி முதலியவற்றைக் கற்று, பயிற்சி நிலை வழிகாட்டியாகக் கட்டுப்பாடுகளுடன் பணியாற்றிய பின்னரே முழுத் தகுதி கிட்டும்.

இவ்வரலாற்றில் நான் மாணவர்களுக்கு விரும்பிச் சொல்லும் செய்தி டென்சிங்கைப் பற்றியது. 29.5.1953 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றவர் அவர். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்துக்குச் சென்று, ஆர்னோல்ட் கிளாட்ஹார்ட் என்னும் வழிகாட்டியிடம் பயின்றார். டார்ஜிலிங்கில் 1954 நவம்பரில் தொடங்கப்பட்ட இமயமலை மலையேற்றக் கழகத்தில் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்பதற்காகவே அப்பயிற்சி. உலகின் உச்சியைத் தொட்டவருக்கும், கற்பிப்பதற்கு முன் கற்கவேண்டியிருந்தது. தான் ஏறுவது ஒரு திறன். பிறரை ஏற்றி இறக்குவது வேறொரு திறன்.

இஃது எங்கோ இருக்கும் பனிமலைகளின் கதை மட்டுமன்று. நம் சபா மாநிலத்தின் கினாபாலு மலையில், 'மாலிம் குனோங்' எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டியின்றி எவரும் உச்சிக்குச் செல்ல இயலாது. 5.6.2015 காலை நிலநடுக்கம் தாக்கியபோது அம்மலையில் 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்களும் ஆசிரியர்களும், வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். பாறைகள் உருண்டுகொண்டிருந்த நிலையிலும், மேலே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவ்வழிகாட்டிகளே.

எந்தப் பயிற்சியும் நிலநடுக்கத்தைத் தடுக்காது. ஆனால், அந்த வேளையில் பிறர் கையைப் பற்றிக்கொண்டு இறங்கும் நெஞ்சுரமும் தெளிவும் ஒரே நாளில் வருபவை அல்ல. ஆகவே, பிள்ளைகளை மலைக்கோ காட்டுக்கோ அனுப்பும்போது, "எவ்வளவு கட்டணம்?" என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. "யார் அழைத்துச் செல்கிறார்? அவர் எங்கே பயின்றார்? வானிலை கெட்டால் திரும்பிவிடும் உரிமை அவருக்கு உண்டா?" என்றும் கேட்போம். அவர் திரும்பிவிட்டால், பணம் வீணானதே என்று முகம் சுளிக்காமலும் இருப்போம்.