எந்தக் குளத்தின் வயது?

1937 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாடு ஹைதராபாத்தில் கூடியது. அது 24-ஆவது கூட்டம். தலைவர், கோயம்புத்தூரில் கரும்பு ரகங்களை உருவாக்கிப் பேர் வாங்கிய டி.எஸ். வெங்கடராமன். அங்கே நிலவியலாரும் தாவரவியலாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பொது விவாதம் நடத்தினார்கள். பொருள்: தக்காண ட்ராப் என்ற எரிமலைப் பாறையின் வயது. மாநாட்டு நடவடிக்கைத் தொகுதியில் சில பக்கங்களே வரும் அந்த விவாதம்தான் என்னை இந்தத் தேடலில் இழுத்துவிட்டது.

லக்னோ பேராசிரியர் பீர்பல் சாஹ்னி, ட்ராப் டெர்ஷியரி காலத்தது, அதிலும் இயோசீன் என்றார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையோ நெடுங்காலமாக மேல் கிரெட்டேசியஸ் என்று எழுதிவந்தது. அதாவது ஒரு தரப்புக்கு இந்த எரிமலைகள் டைனோசர்கள் இருந்தபோது வெடித்தவை, மறு தரப்புக்கு அவை அழிந்து வெகுகாலம் கழித்து வெடித்தவை. இன்றைய கணக்கில் இடைவெளி ஒரு கோடி வருஷத்துக்குக் குறையாது.

இரு தரப்பும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்கள். அப்படியிருக்க எதிரெதிர் விடை எப்படி வந்தது? அவர்கள் ஒரே கல்லைப் பார்க்கவில்லையோ என்று சந்தேகம் தட்டியது. அதனால் கருத்துகளை ஒதுக்கிவிட்டு ஊர்ப்பெயர்களைப் பொறுக்கத் தொடங்கினேன். யார் கையில் எந்த ஊர்க் கல் இருந்தது? அந்த ஊருக்கு இன்று என்ன வயது சொல்கிறார்கள்? வழக்கு இவ்வளவுதான்.

நான் குடியிருக்கும் தார்நாகா ட்ராப்பின் மேல் இல்லை. உஸ்மானியா வளாகத்தில் உருண்டு கிடக்கும் பாறைகள் எல்லாம் கிரானைட். வயது சுமார் 250 கோடி வருஷம். மேற்கே விகாராபாத் பக்கம் போனால்தான் மண் கறுத்து, எரிமலைக் குழம்பு உறைந்த ட்ராப் தொடங்கும். அங்கிருந்து மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று இன்று எஞ்சியிருப்பது மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். குழம்பு ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. ஓர் அடுக்கு உறைந்து, அதன்மேல் மழை பெய்து, பள்ளத்தில் நீர் தேங்கி, செடி முளைத்து, நத்தை குடியேறி, அதன்மேல் அடுத்த அடுக்கு வந்து மூடியிருக்கிறது. இப்படி இரண்டு அடுக்குக்கு நடுவே மாட்டிக்கொண்ட சேற்றுப் படிவுகள், அதாவது இடைப்படிவுகள்தான் இந்த வழக்கின் சாட்சிகள்.

முதல் சாட்சியை எழுதிவைத்தவர் ஹென்றி வெஸ்லி வாய்ஸி. லாம்ப்டனின் பெரிய முக்கோண அளவைக்கு 1818-இல் மருத்துவராகவும் நிலவியலாராகவும் சேர்ந்தவர். ஹைதராபாத்தைச் சுற்றி வேலை செய்தவரைத் தேட, தார்நாகாவிலேயே உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குத்தான் முதலில் போகத் தோன்றும். ஷாஜகான், ஔரங்கசீப் காலத்துப் பாரசீகக் காகிதங்களும் நிஜாம் ஆட்சியின் பதிவுகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் வாய்ஸி நிஜாமிடம் சம்பளம் வாங்கியவர் அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாங்கியவர். சம்பளம் கொடுத்தவன் வீட்டுக்குத்தான் அறிக்கை போகும். எனவே தடம் கல்கத்தாவுக்குப் போனது. ஃபில்லிமோர் தொகுத்த இந்திய நில அளவை வரலாற்றின் மூன்றாம் தொகுதி அவருடைய வாழ்க்கையைத் தந்தது. ஹைதராபாத் நிலவியல் பற்றிய அறிக்கை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1833-இல் அச்சாகியிருந்தது. 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' 18-ஆம் தொகுதியில் இன்னொரு கட்டுரை: கவில்கர் மலையில் 1823-இல் அவர் கண்ட கல்லான சிப்பிகளைப் பற்றியது. இரண்டையும் அச்சில் பார்க்க அவர் இல்லை. 1824 ஏப்ரலில், கல்கத்தா போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

அந்தச் சிப்பிகள் ஏன் முக்கியம் என்பதற்கு ஐரோப்பாவின் சண்டையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃப்ரைபெர்க்கில் வெர்னர், பசால்ட் உள்படப் பாறைகள் ஆதிக் கடல்நீரிலிருந்து படிந்தவை என்று கற்பித்தார். எடின்பரோவில் ஹட்டன், பசால்ட் உருகி எழுந்தது என்றார். அயர்லாந்தின் போர்ட்ரஷில் 'பசால்ட்'டுக்குள் கடலுயிர் ஓடுகள் இருப்பதைக் காட்டி, நெருப்பில் சிப்பி பிழைக்குமா என்று நீர்க்கட்சி மடக்கியது. அது பசால்ட்டே இல்லை, பக்கத்து எரிகுழம்பின் சூட்டில் வெந்து இறுகிய களிப்பாறை என்று பிறகு தெளிந்தது. கவில்கரிலும் இதே குழப்பத்துக்கு இடம் இருந்தது. வாய்ஸி ட்ராப் நெருப்பில் பிறந்தது என்ற பக்கம் நின்றார். சிப்பிகள் ட்ராப்புக்குள் இல்லை, ட்ராப்புகளுக்கு நடுவிலுள்ள படிவில் இருக்கின்றன என்று இடத்தையும் குறித்துவைத்தார்.

அடுத்தவர் சென்னை மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜான் கிராண்ட் மால்கம்சன். நாக்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவே சிச்சல் மலையில் அவர் திரட்டிய ஓடுகளை லண்டனில் சவர்பி விவரித்தார். அதில் ஒரு நத்தைக்கு ஜேம்ஸ் பிரின்செப்பின் பெயரை வைத்து ஃபைசா பிரின்செப்பி என்றார்கள். அந்த இனத்து மாதிரி ஒன்றை ஒரு கல்லூரி அருங்காட்சியகத் தட்டில் பார்த்தேன். ஓடு போய்விட்டது, ஓட்டின் உள்வடிவம் சாம்பல் நிறச் சிலிக்காவாக இறுகியிருந்தது. கூர்முனையை மேலே வைத்துப் பிடித்தால் வாய் இடப்பக்கம் திறக்கிறது. பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம் திறக்கும். நம் சங்கு வழக்கில் இது வலம்புரிச் சுழி. கடல் நத்தை அல்ல, தேங்கிய நன்னீரில் வாழ்ந்தது. வயதை முடிவு செய்ய உலகெங்கும் நம்புவது கடல் உயிர்களைத்தான்; அவை கடலோடு கடலாகப் பரவியதால் ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். குட்டையில் பிறந்து குட்டையில் மடிந்த நத்தையை எதோடு ஒப்பிடுவது? வழக்கு நூறு வருஷம் இழுத்ததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நாக்பூரில் அகப்பட்டது. பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப், 1850-களில் ராபர்ட் ஹன்டரோடு சேர்ந்து அந்தப் படிவுகளை ஆராய்ந்தார். எல்லாமே ஒரே பெரிய ஏரியின் அடிச்சேறு, கீழ்ட்ராப் பிறகு அடியில் நுழைந்தது என்பது அவர்கள் எண்ணம். 1860-இல் ஹிஸ்லாப் சொன்ன வயது கீழ் இயோசீன். டபிள்யூ.டி. பிளான்ஃபர்ட் 1860-களில் அதை மறுத்தார். குழம்பு அடுக்கடுக்காக மேற்பரப்பில் வழிந்தது; இடையில் தேங்கியவை தனித்தனிக் குளங்கள். நர்மதைப் பள்ளத்தாக்கின் பாக் படிவுகளில் கிரெட்டேசியஸ் கடலுயிர்கள் இருந்தன; அவை ட்ராப்புக்குக் கீழே கிடந்தன. இவற்றையெல்லாம் சேர்த்து ட்ராப்புக்கு மேல் கிரெட்டேசியஸ் என்று வயது குறித்தார்.

இங்கே நான் பென்சிலால் கோடு போட்டேன். தனித்தனிக் குளங்கள் என்றால் தனித்தனி வயது. ஆனால் 1930-களின் கட்டுரைகளில் 'இடைப்படிவுகளின் வயது' என்று ஒருமையில்தான் வாதம் ஓடுகிறது. ஏரி என்ற எண்ணம் போய்விட்டது. ஒரே வயது என்ற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சாஹ்னி 1934 அக்டோபர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் தொடுத்த கட்டுரையின் தலைப்பே கேள்விதான்: தக்காண ட்ராப் கிரெட்டேசியஸா, டெர்ஷியரியா? அவருடைய முக்கியச் சாட்சி மத்திய மாகாணத்துச் சிந்த்வாரா மாவட்டத்தின் மோகாவ்ன்கலான். கல்லாகிப்போன பனைக்குடும்ப மரங்கள், நீர்ப்பெரணியான அசோலா, நிப்பா பனையின் பழம். நிப்பா சதுப்புக் கழிமுகத்துப் பனை. அதே வகைப் பழங்கள் லண்டன் களிமண்ணில் குவிந்துகிடந்தன. லண்டன் களிமண் இயோசீன். ஆகவே இதுவும் இயோசீன். இவருக்குத் துணையாக ராஜமுந்திரி வந்தது. அங்கே இடைப்படிவில் உப்புநீர் கலந்ததால், எஸ்.ஆர். நாராயண ராவும் கே. ஸ்ரீபாத ராவும் கடற்பாசிகளையும் நுண்ணிய துளையுயிரிகளையும் எடுத்தார்கள். அவர்களும் இயோசீன் என்றார்கள்.

எனக்குத் தேவையான இரண்டு முகவரிகள் கிடைத்துவிட்டன. மூன்றாவதைத் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

தார்நாகாவிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிலையம் என்.ஜி.ஆர்.ஐ. தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் 1961-இல் தொடங்கியபோது முதல் இயக்குநர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர், நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர். 'இந்தியா, பர்மா நிலவியல்' என்ற அவருடைய 1943-ஆம் வருஷப் பாடநூலிலும் இந்த வாதம் உண்டு. அவர் இயக்குநரான காலத்தில் வழக்கு புதைபடிவக்காரர்களிடமிருந்து கருவிக்காரர்கள் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாகும் வேகத்தைக் கொண்டு டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் ராமா 1964-இல் ட்ராப்பின் வயதை வெளியிட்டார். ஆனால் பாறை கொஞ்சம் உளுத்துப்போனாலே ஆர்கான் கசிந்துவிடும். பிறகு வந்த அளவீடுகளும் பல கோடி வருஷ வீச்சில் சிதறின. காந்தப் பதிவுதான் நெருக்கிப் பிடித்தது. குழம்பு உறையும்போது அன்றைய புவிக்காந்தத் திசை அதில் பதிகிறது. 1986-இல் கூர்த்தியோ குழுவினர், ட்ராப்பின் பெரும்பகுதி ஒரே தலைகீழ்க் காந்தக் காலத்தில் உறைந்தது, அதுவும் கிரெட்டேசியஸ் முடியும் எல்லை விழும் காலத்தில், என்று காட்டினார்கள்.

இரண்டே வருஷத்தில் மூன்றாவது முகவரி அச்சில் வந்தது: நாஸ்கல், ஹைதராபாத்துக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். அங்கே அகப்பட்டவை கடுகளவுப் பற்கள். இடைப்படிவுகளைத் தோண்டிப் பழகிய ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவர் ஹப்சிகுடாவில் இருக்கிறார், கும்பகோணத்துக்காரர்.

"அவ்வளவு சின்னப் பல்லை எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"கண்ணால தேடினா அகப்படாது தம்பி. களிமண்ண மூட்டை மூட்டையா அள்ளிட்டு வந்து வெயில்ல நல்லா காயவைக்கணும். மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, அதை வடிச்சிட்டுத் தண்ணி ஊத்தினா பொலபொலன்னு உதிரும். சலிச்சு, தங்கினதை மைக்ராஸ்கோப்புக்கு அடியில பரப்பி, ஈரத் தூரிகையால ஒவ்வொண்ணா எடுக்கணும். முக்கால்வாசி மீன் எலும்புதான் வரும்."

நாஸ்கலில் வந்தவை ஒரு பாலூட்டியின் பற்கள். ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988-இல் 'நேச்சர்' இதழில் அவற்றை வெளியிட்டார்கள்: இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் பாலூட்டி. பெயர் டெக்கனோலெஸ்டெஸ் ஹிஸ்லாப்பி. நாக்பூர்ப் பாதிரியாரின் பெயர். அசோக் சாஹ்னி, பீர்பல் சாஹ்னியின் தம்பி எம்.ஆர். சாஹ்னியின் மகன். பெரியப்பா 1937-இல் ஹைதராபாத்தில் டெர்ஷியரி என்று வாதாடியதற்கு, அதே ஊரின் பக்கத்திலிருந்து மகன்முறைக்காரர் எதிர்ச்சாட்சி கொண்டுவந்தார்.

முகவரிகளை வரிசையாக வைத்தேன். நாஸ்கல்: கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டம். ராஜமுந்திரி: கெர்டா கெல்லர் குழுவினர் 2008-இல் துளையுயிரிகளைக் கொண்டு டேனியன் என்றார்கள், அதாவது டைனோசர்கள் அழிந்த உடனே வந்த காலம். ராவ்கள் இருவரும் இயோசீன் என்றது பிசகினாலும் டெர்ஷியரி என்றது நின்றுவிட்டது. இதுவரை என் சந்தேகத்துக்குச் சாதகம்.

மோகாவ்ன்கலான் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1997-இல் கே.பி.என். குமரன் குழுவினர் அந்தப் படிவின் மகரந்தங்களைப் பார்த்து, கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியன் என்றார்கள். சாஹ்னி கையில் வைத்திருந்ததே எதிர்க்கட்சியின் கல். அவர் பழத்தைப் பார்த்தது சரி, ஒப்பிட்டதில்தான் சிக்கல். நிப்பா இனத்தின் மகரந்தம் வெப்பமண்டலத்தில் கிரெட்டேசியஸ் முடியும் முன்பே கிடைக்கிறது. லண்டனுக்கு அது பிந்திப் போனது. இந்தியா அப்போது தெற்கே தனித் தீவாக மிதந்துகொண்டிருந்தது. வெகெனரின் கண்டப்பெயர்ச்சியை ஆதரித்து 1936-இலேயே எழுதிய சாஹ்னி, வயது கணிக்கும்போது மட்டும் லண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். இதில் இன்னொன்றும் உண்டு. அதே சிந்த்வாரா மாவட்டத்தின் ஜில்மிலியிலிருந்து 2009-இல் வெளியான துளையுயிரிகள் டேனியன். ஒரே மாவட்டம், இரண்டு குளங்கள், எல்லைக்கு இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று.

ஆக 1934-இன் கேள்வியில் இருந்த 'இதுவா, அதுவா'தான் வழக்கைக் கெடுத்தது. ட்ராப் எல்லைக்கு இருபுறமும் கால் வைத்திருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள சிவப்பு மண்ணில் எரிமலைச் சாம்பலோடு வந்த ஜிர்கான் படிகங்களை 2015-இல் ஷோனே குழுவினர் அளந்தார்கள். பெருவெடிப்பு எல்லைக்குச் சுமார் 2.5 லட்சம் வருஷம் முன் தொடங்கி, மொத்தம் 7.5 லட்சம் வருஷத்தில் பெரும்பாலும் முடிந்தது. எல்லையின் வயது சுமார் 6.6 கோடி வருஷம். 2019-இல் அவர்களும் ஸ்ப்ரெய்ன் குழுவினரும் ஒரே இதழில் மோதிக்கொண்டார்கள். அழிவுக்கு முன் வழிந்தது எவ்வளவு, பின் வழிந்தது எவ்வளவு என்பதே சண்டை. டைனோசர் அழிவில் எரிமலையின் பங்கு அதைப் பொறுத்திருக்கிறது.

இருநூறு வருஷத் தாள்களைப் புரட்டியதில் எனக்குத் தெரிந்தது இது. ஹிஸ்லாப்பின் ஏரி போயிற்று, சாஹ்னியின் இயோசீன் போயிற்று. அவர்கள் எழுதிவைத்த ஊர்ப்பெயர் போகவில்லை. மோகாவ்ன்கலான் என்று சாஹ்னி அச்சில் பதிந்திருந்ததால்தான் அறுபது வருஷம் கழித்து இன்னொருவர் அதே படிவுக்குப் போய் அவரை மறுக்க முடிந்தது. 2019 சண்டையிலும் எந்தத் தரப்பு சரிந்தாலும் சரி, எந்த மலைச்சாலை வெட்டில் எத்தனையாவது அடுக்கில் எடுத்த மண் என்பது இரு கட்டுரைகளிலும் இருக்கிறது. அடுத்து வருபவர் தொடங்க அது போதும்.