வாரம் ஒரு பென்னி

மெதடிஸ்ட் சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1738-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி மாலையைச் சொல்லாமல் விடுவதில்லை. அன்று ஜான் வெஸ்லி என்ற ஆங்கிலப் பாதிரியார், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றுக்கு மனமில்லாமல் போனார். அங்கே அவர் உள்ளம் இளகியது. அந்த மாலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதை எழுதிப் பழகிய என் மனமோ, நான்கு ஆண்டுகள் தள்ளி பிரிஸ்டல் நகரில் நடந்த ஒரு கடன் பேச்சில்தான் போய் நிற்கிறது.

அதற்கு முந்திய கதை இது: ஆக்ஸ்போர்டில் வெஸ்லியும் தம்பி சார்லஸும் நண்பர்களும் வேளை தவறாமல் ஜபம், படிப்பு, சிறைவாசிகளைப் பார்ப்பது என்று வாழ்ந்ததைக் கண்டு மற்ற மாணவர்கள் வைத்த கேலிப் பெயர்தான் 'மெதடிஸ்ட்'. 'முறைக்காரர்' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் அதைக் கல்யாண விஷயமாக எடுத்துக்கொண்டு விடுவார்கள்! கோயிலுக்கு வெளியே பிரசங்கம் செய்வதைக் கிட்டத்தட்டப் பாவமாகவே எண்ணியிருந்த வெஸ்லி, நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் தூண்டுதலால் 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று பேசினார். ஏழை எளியவர்கள் திரண்டார்கள். அவர்களுக்காக 'புதிய அறை' என்று ஒரு கட்டடம் எழும்பிற்று. கூடவே கடனும் எழும்பிற்று.

1742 பிப்ரவரியில் கடனை அடைக்க வழி தேடிக் கூடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். காப்டன் ஃபாய் என்பது அவர் பெயர் என்பார்கள். "பலருக்கு அதற்கும் வழியில்லையே?" என்று மறுப்பு வந்தது. அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் விட்டுவிடும்படியும், வாராவாரம் போய்க் கேட்பதாகவும், கொடுக்க இயலாதவர்களுக்குத் தாமே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார் அந்த மனிதர். மற்றவர்களும் இப்படியே பொறுப்பேற்றார்கள்.

பென்னி வாங்கப் போனவர்கள் வேறு செய்திகளையும் கொண்டு வந்தார்கள். ஒருவன் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தான், இன்னொருவன் குடித்திருந்தான். தாம் நெடுநாளாகத் தேடியது இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். வசூல்காரர் வகுப்புத் தலைவரானார். வீடு வீடாகப் போவது நின்று, பன்னிரண்டு பேர் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி நெஞ்சைத் திறந்து பேசும் வழக்கம் வந்தது. நாவன்மையில் ஒயிட்ஃபீல்ட் வெஸ்லியை விஞ்சியவர்தாம். ஆனால் கேட்டவர்களை மறுநாள் தேடிப் போக அவருக்கு ஆள் இல்லை.

இந்த அன்புக்குள் கண்டிப்பும் இருந்தது. 1743-ல் நியூகாசிலில் 64 பேரை வெஸ்லி நீக்கினார். கணக்கும் எழுதி வைத்தார்: குடிக்காக 17 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர், பொறுப்பற்ற விளையாட்டுப் புத்திக்காக 29 பேர். கடைசி வகையில் நான் நிச்சயம் அகப்பட்டிருப்பேன்.

ஆனால் வேறெங்கும் வாய் திறக்க இடமில்லாதவர்களுக்கு அந்த வகுப்பு இடம் கொடுத்தது. 1761-ல் டார்பி நகரில் சாரா கிராஸ்பி என்ற அம்மாள், முப்பது பேர் வருவார்கள் என்று எண்ணி வகுப்பு நடத்தப் போனார். ஏறக்குறைய 200 பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் தனித்துப் பேச வழியில்லாமல், எல்லோருக்குமாக எழுந்து நின்று பேசினார். செய்தது சரிதானா என்று வெஸ்லிக்குக் கடிதம் எழுதினார். வெஸ்லி அவரைத் தடுக்கவில்லை.