பூச்சியமாக்கப்பட்ட வயர்களின் கதை



ஆர்டுயினோ பலகையை லினக்ஸ் கணினியில் செருகி வேலை செய்யாவிட்டால் நாங்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சைனா சாமான், டூப்ளிகேட்." போன தவணை நாங்களும் அப்படித்தான் சொன்னோம். கடைக்குத் திருப்பிக் கொடுக்கவும் எடுத்து வைத்துவிட்டோம். கடைசியில் பார்த்தால் பிழை எங்களுடையது. கணினி பலகையை அடையாளம் கண்டிருந்தது. மாணவர் கணக்கை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்க்க நாங்கள்தான் மறந்திருந்தோம். அந்த வெட்கத்தில் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

டயல்அவுட் என்ற பெயரே ஒரு பழைய கதை. மோடம் மூலம் வெளியே அழைப்பு எடுக்க யாருக்கு அனுமதி என்று பார்த்த காலத்தின் மிச்சம் அது. வயரைச் செருகியதும் லினக்ஸ் காட்டும் 'டிடிஒய்-யூஎஸ்பி-0' என்பதில் உள்ள டிடிஒய், டெலிடைப் இயந்திரத்தின் சுருக்கம். பழைய தொடர் இணைப்புக்கான ஆர்எஸ்-232 நியமம் அமெரிக்காவில் 1960இல் வந்தது. 1996இல் யூஎஸ்பி வந்த பிறகு மடிக்கணினிகளிலிருந்து அந்தப் பழைய போர்ட் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் தொழிற்சாலை இயந்திரங்களும் பில் அச்சிடும் பெட்டிகளும் பழைய பாஷையையே பேசிக்கொண்டிருந்தன. நடுவில் மொழிபெயர்க்க வந்ததுதான் இந்த மாற்றி வயர். ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில் அதே வேலையைச் செய்யும் சிப் பலகையிலேயே இருக்கும். லினக்ஸில் இவற்றுக்கான பொது அடித்தளத்தை 1999இல் எழுதத் தொடங்கியவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன்.

யூஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் செருகியவுடன் இரண்டு எண்களைச் சொல்லும்: ஒன்று கம்பனியின் எண், மற்றது பொருளின் எண். ஸ்கொட்லாந்தின் எஃப்டிடிஐ கம்பனிக்கு 0403. அதன் பிரபலமான சிப்புக்கு 6001. லினக்ஸ் டிரைவருக்குள் இப்படி ஒரு நீண்ட பட்டியல் உண்டு. எண் அதில் இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

போலி தயாரித்தவர்கள் இந்த எண்களையும் சேர்த்தே திருடினார்கள். 2014 ஒக்டோபரில் எஃப்டிடிஐ அதற்குப் பதிலடி கொடுத்தது. விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதற்குள் இருந்த 6001ஐ அழித்து 0000 என்று எழுதிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வயரை வேறு எந்தக் கணினியில் செருகினாலும் தெரியாது. விண்டோஸில் ஒருதடவை செருகி எடுத்திருந்தால் போதும், லினக்ஸிலும் அது பிணம்தான்.

வியாபாரத்தில் மோசடி ஹராம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. கம்பனியின் கோபம் நியாயமானது. ஆனால் அடி விழுந்தது யாருக்கு? போலி செய்தவன் காசை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டான். அசல் என்று நம்பி வாங்கியவனின் பொருள்தான் அவனுக்கே தெரியாமல் அழிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அந்த டிரைவர் அப்டேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

லினக்ஸ்காரர்கள் செய்தது எங்களுக்குப் பிடித்தது. அதே 0403 கம்பனி எண்ணின் கீழ் 0000ஐயும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 3.18 பதிப்பில் அது வெளிவந்தது. பட்டியலில் அதற்கு வைத்த பெயர் 'பிரிக்', அதாவது செங்கல்! செங்கல்லாகிப்போனதும் உள்ளே வரலாம் என்றாகிவிட்டது.

எண் குழப்பம் அதோடு நிற்கவில்லை. 2022இல் வந்த உபுண்டு 22.04இல், சீனாவின் சிஎச்340 சிப் உள்ள பலகைகள் ஒரு கணம் தெரிந்து உடனே மறைந்தன. பார்வையற்றோர் தொட்டு வாசிக்கும் ஒருவகை பிரெய்ல் கருவியும் அதே எண்ணைச் சொல்வதால், பிரெய்ல் சேவையான 'பிஆர்எல்டிடிஒய்' பலகையையும் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டது. அந்தச் சேவையை நீக்கினால் பலகை வேலை செய்யும். இணையத்தில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வழியும் அதுதான். பாடசாலைக் கணினியில் அதைச் செய்வதற்கு முன்னர், அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி பாவிக்கும் பிள்ளை யாரும் இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.