குடிமராமத்தும் அரசும்: சேலம், நாமக்கல் ஏரிகளின் வரலாறு தரும் பாடம்

நீர்நிலைகளைப் பேணுவது அரசின் கடனா, ஊராரின் கடனா? படைப்பைக் காக்கும் பொறுப்பைப் பற்றிச் சபைகளில் போதிக்கும் நாம் இவ்வினாவின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று. சேலம், நாமக்கல் சமவெளி அதற்கு ஏற்ற களம். சேர்வராயன் மலைப்பகுதியின் மழைநீரைத் திருமணிமுத்தாறும் சரபங்காவும் சமவெளிக்குக் கொணர்கின்றன. அந்நீரை அடுத்தடுத்து அமைந்த ஏரிகள் தேக்குகின்றன. மேலேயுள்ள ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் கீழேயுள்ள ஏரிக்கு நீர் வரும். ஆகவே எவ்வூரும் தனித்து நின்று தன் ஏரியைக் காத்துக்கொள்ள இயலாது.

1. பழைய முறை

மழைக்காலத்திற்கு முன் ஊரார் கூடிக் கரையைப் பலப்படுத்துவர், வரத்துக்கால்களைத் தூர்வாருவர், மதகைச் செப்பனிடுவர். இதுவே குடிமராமத்து. தமிழகத்தின் பல பகுதிகளில் ஏரிப் பராமரிப்புக்கென மானிய நிலங்களும் விடப்பட்டிருந்தன. உழைப்பைத் தந்த ஊருக்கு நீரின்மீது உரிமையும், விளைச்சலில் பங்கும், பங்கீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இருந்தன.

எனினும் இதனைப் பொற்காலமாகப் போற்றுதல் தகாது. தீர்மானித்தோர் நிலமுடையோர்; மண் சுமந்தோருள் நிலமற்றோரும் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோரும் பலர். கரையைக் கட்டிய கைகளுக்கு, அக்கரை காத்த நீரில் உரிமை பெரும்பாலும் இல்லை. கூட்டுழைப்பு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி கட்டாய உழைப்பே.

2. கம்பெனி ஆட்சியின் தலையீடு

1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் சேலம் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு குடியானவனோடும் தனித்தனியே வரி நிர்ணயம் செய்யும் முறையை இங்கே வகுத்தனர். இரயத்துவாரி முறை உருவான நிலம் இதுவே. 1802க்குப் பின் சீமை மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டது. மிட்டாதாரர் பலர் வரி செலுத்த இயலாது வீழ்ந்தனர். 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானபின் இரயத்துவாரியே மாகாணத்தின் பொது முறையாயிற்று. இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்குள் வரிக்குப் பொறுப்பாளி மும்முறை மாறினார். ஊர் என்னும் கூட்டமைப்போ கணக்கிலிருந்தே மறைந்தது. விளைச்சலின் உபரி கருவூலத்துக்குச் சென்றது. ஏரியின் பாரம் ஊரிலேயே தங்கிற்று.

பராமரிப்பு தளர்ந்ததைக் கண்ட அரசு 1858இல் கட்டாய வேலைச் சட்டத்தை இயற்றிற்று. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலைக்கு வாராதவர், அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்தவேண்டும் என்றது அச்சட்டம். வழக்கத்தின் கடமையை மட்டும் சட்டமாக்கி, அதனோடு இணைந்திருந்த உரிமையை அது மீட்டுத் தரவில்லை. தண்டத்தால் கூட்டுறவு பிறக்கவில்லை.

1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் இதன் விளைவை முற்றிலும் விளக்கிவிடாது. மழை பொய்த்ததே முதற்காரணம். ஆயினும் 1871இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாயிருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தமை, நலிந்த நீர்நிலைகளை நம்பிய மக்களின் நிலையைக் காட்டுகிறது. அதன்பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. பொறியாளர்கள் வந்தனர், அளந்தனர், செப்பனிட்டனர், ஊரார் பார்வையாளராயினர்.

3. விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரையே மீட்டெடுத்து, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பயனாளிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. நல்ல பணிகள் நடந்தன. சில இடங்களில் ஒப்பந்தம் பெறுவதற்கென்றே சங்கங்கள் தோன்றின என்ற குறையும் எழுந்தது.

வேறொரு முன்மாதிரியும் சேலத்திலேயே உண்டு. 2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சீரமைக்கக் குடிமக்கள் குழுவொன்று அரசின் அனுமதியைப் பெற்றது. தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் தீவுத்திட்டுகள் அமைத்து மரம் வளர்த்தது. அங்கே அரசு வாயிலைத் திறந்தது. மக்கள் உள்ளே சென்று உழைத்தனர்.

4. நெகேமியாவின் நூல் காட்டும் நெறி

எருசலேமின் அலங்கம் அந்நிய அரசனின் ஆணையின்றி எழவில்லை. அர்தசஷ்டாவின் கடிதத்தால் வனத்தின் மரமும் கிடைத்தது (நெகே. 2:8). ஆனால் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைத் தாமே கட்டினர்; தெக்கோவாவின் பெரியோர் மட்டும் தோள் கொடுக்க மறுத்தனர் (3:5). வேலை நடக்கும்போதே ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. அவர்களுடைய நிலங்கள் அடகில் இருந்தன (5:1–5). நெகேமியா அலங்கம் முடியட்டும் என்று காத்திராமல் முதலில் அவ்வநீதியைத் தீர்க்க முற்பட்டார்.

மேலரசின் தலையீடு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. கடமையை ஊருக்கும் உரிமையைத் தனக்கும் வகுத்துக்கொள்ளும் தலையீடு கூட்டுறவை அழிக்கிறது. இரண்டையும் ஒருங்கே தந்து, ஊருக்குள் வலியோர் எளியோரை நசுக்காமல் காக்கும் தலையீடே அதனை வளர்க்கிறது.

இன்றைய பாசனச் சங்கங்களில் உறுப்பினராவோர் நிலமுடையோரே. ஏரியில் மீன் பிடிப்போரும், ஆடுமாடு மேய்ப்போரும், கூலிக்குக் கரை கட்டுவோரும் அங்கே அமர்வதில்லை. நம் சபையார் பலர் இம்மக்களின் வழிவந்தோர். ஏரி தூர்வாரும் பணிக்கு ஆள் திரட்டித் தருமாறு ஆயரை ஊர் கேட்கும்போது, அவர் ஆள் திரட்டுவதோடு நில்லாது, பங்கீட்டைப் பேசும் அவையிலும் அவர்களுக்கு இடம் கேட்கவேண்டும்.